எட்டு பார் லூப்புக்கு அப்பால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒன்றரை வருடமாக எஃப்எல் ஸ்டுடியோ என்ற கணினி மென்பொருளில் ஹவுஸ், டெக்னோ வகை நடன இசை செய்து பழகுகிறேன். எட்டு பார் (தாளச் சுற்று) நீளத்தில் திரும்பத் திரும்ப ஓடும் லூப் நன்றாகவே வந்துவிடுகிறது. அதற்கு மேல் ட்ராக் நகர மாட்டேன் என்கிறது. மிக்ஸிங் இன்னும் மோசம். கிக்கும் (பெரிய டிரம்மின் அடி) பேஸும் (தாழ்ந்த ஸ்தாயி வரி) கலந்து குழம்புகின்றன. என் அறையில் கிக் போதவில்லை என்று ஏற்றிவிடுகிறேன். அதையே நண்பனின் காரில் போட்டால் கதவு அதிர்கிறது. அறை 11 அடிக்கு 10 அடி. மேசை குறுகிய சுவரை ஒட்டி இருக்கிறது, நாற்காலி ஏறக்குறைய அறையின் நடுவில். 30,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். இப்போதிருக்கும் ஐந்து அங்குல ஸ்பீக்கரை மாற்றிப் பெரிதாக வாங்கலாமா, நல்ல ப்ளக்-இன்கள் (மென்பொருளில் சேர்க்கும் ஒலிக்கருவிகள்) வாங்கலாமா? இரண்டு லூப்களை இணைத்துள்ளேன், கேட்டுச் சொல்லுங்கள்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்,

இரண்டையும் பலமுறை கேட்டேன். தாளம் உங்களுக்கு இயல்பாக வருகிறது. ஹை-ஹாட் சிம்பலை இம்மி பின்தள்ளி வைத்திருக்கிறீர்களே, அந்த இடத்தில் தலை தானாக ஆடுகிறது. அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

மிக்ஸிங் கோளாறு என்று நீங்கள் நினைப்பதில் பெரும்பங்கு இசையமைப்பில்தான் தொடங்குகிறது. இரண்டாவது லூப்பில் கிக் அடிக்கும் அதே நொடியில் பேஸும் நுழைகிறது. அதோடு சின்த் கார்டின் (சிந்தசைசரில் ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) கீழ் ஸ்வரங்களும் அதே இடத்தில் வந்து உட்காருகின்றன. மூன்றும் 50 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் நெருக்கியடிக்கும்போது, ஒலியின் ஒரு பகுதியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவால் செய்யக்கூடியது கொஞ்சம்தான். எதையாவது வெட்டினால் அது மெலிகிறது, வெட்டாவிட்டால் எல்லாம் மங்குகிறது.

சின்த் கார்டை ஓர் ஆக்டேவ் மேலே தூக்கிப் பாருங்கள். கீழ்ஸ்தாயியில் நெருங்கிய இரண்டு ஸ்வரங்களைக் காதால் பிரித்துக் கேட்க முடிவதில்லை, உறுமலாகத்தான் கேட்கும். அதே இடைவெளி நடு ஆக்டேவில் தெளிவாக இருக்கும். அடுத்தது பேஸ். உங்கள் வேகம் 124 பிபிஎம் (நிமிடத்துக்கு 124 அடி), அதாவது ஒரு கிக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை நொடிக்குச் சற்றுக் குறைவு. கிக்கின் வாலைக் குறுக்கி, பேஸை அந்த இடைவெளியின் பாதியில் நுழைய விடுங்கள். ஹவுஸ் இசையில் காலங்காலமாக இருக்கும் வழி இது. அதற்குப் பிறகும் உரசல் இருந்தால், கிக் விழும்போது பேஸைத் தாழ்த்த சைட்செயின் கம்ப்ரஸர் போடலாம். முதலிலேயே அதைப் போட வேண்டாம்.

மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் செய்த ஒரு பதிவைத் தேடிக் கேளுங்கள். ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்திருக்கிறார். கருவிகள் ரோலண்ட் டிஆர்-808, டிபி-303, ஜூபிடர்-8, மூன்றே மூன்று. தாளம் ஒன்றில், பேஸ் ஒன்றில், ராகம் ஒன்றில். ஒவ்வொன்றும் தனக்கான ஸ்தாயியில் நிற்பதால் நாற்பது வருடத்துக்குப் பிறகும் அது துலக்கமாகக் கேட்கிறது. உங்கள் லூப்பில் பதினான்கு சேனல்கள் இருக்கின்றன.

லூப்பை விட்டு நகர முடியாததற்கும் அந்தப் பதினான்குதான் காரணம் என்று நினைக்கிறேன். ட்ராக்கின் உச்சத்தை நீங்கள் முதலிலேயே எழுதிவிட்டீர்கள். அதற்கு மேல் கூட்ட ஒன்றுமில்லை. எனவே குறையுங்கள். அந்த எட்டு பாரை இருபது முறை வரிசையாக ஒட்டினால் 160 பார், உங்கள் வேகத்தில் 5 நிமிடம் 10 நொடி. இனி அழிப்பது மட்டும்தான் வேலை. முதல் 32 பாரில் தாளம் மட்டும் இருக்கட்டும். டிஜே ஒருவர் முந்தைய ட்ராக்கிலிருந்து உங்களுடையதற்கு மாற அந்த இடம் தேவை. பேஸ் எங்கே வருகிறது, கார்டு எங்கே வருகிறது, நடுவில் கிக் எங்கே நின்றுபோகிறது என்பதை அழித்து அழித்தே கண்டுபிடியுங்கள். புதிதாக ஒரு ஸ்வரம்கூட எழுத வேண்டாம். ஒரே மாலையில் கடைசி பார் வரை போய்விடுங்கள், சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

வளர்ச்சிக்குப் புது மெட்டு வேண்டும் என்பதும் இல்லை. 1987இல் சிகாகோவின் ஃபியூச்சர் குழு அதே டிபி-303 பேஸ் கருவியின் ஒரு சிறு வரியைப் பத்து நிமிடத்துக்கும் மேல் ஓடவிட்டு, ஃபில்டர் குமிழ்களைத் திருகிக்கொண்டே இருந்தது. ஸ்வரங்கள் அதேதான், நிறம் மட்டும் மாறிக்கொண்டே போகிறது. ஆசிட் ஹவுஸ் என்ற வகையே அதிலிருந்து கிளம்பியது. உங்கள் முதல் லூப்பின் பேஸுக்கு இது அப்படியே பொருந்தும்.

இனி அந்தக் கார் கதவு. 11 அடி என்பது 3.35 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே அந்த நீளத்தில் நிற்கும் முதல் அலை ஏறக்குறைய 51 ஹெர்ட்ஸ். அதன் அழுத்தம் சுவர் ஓரத்தில் மிக அதிகம், நட்ட நடுவில் கிட்டத்தட்ட இல்லை. நீங்கள் உட்கார்ந்திருப்பது அந்த நடுவில். உங்கள் கிக்கின் அடிநாதம் ஜி, 49 ஹெர்ட்ஸ். கிக் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது, உங்கள் நாற்காலியில் மட்டும் அது இல்லை. இல்லாததை ஏற்றுகிறீர்கள், காரில் அது கொட்டுகிறது. காதைக் குறை சொல்லாதீர்கள். நாற்காலியை முன்னே நகர்த்தி, தலை முன்சுவரிலிருந்து நான்கு அடிக்குள் இருக்குமாறு அமருங்கள். அதே கிக் உடனே வேறாகக் கேட்கும்.

எத்தனை சத்தத்தில் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள்: சத்தம் குறையும்போது தாழ்ந்த ஒலிகள்தான் காதுக்கு முதலில் மறைகின்றன. சத்தம் கூடினால் எதுவுமே செழிப்பாகத் தோன்றும். ஒரு ப்ளக்-இன் போட்டதும் 'ஆகா' என்று தோன்றினால், அது வால்யூமை எவ்வளவு உயர்த்தியது என்று பாருங்கள். அந்த அளவை இறக்கிச் சமமாக்கிவிட்டு ஆன், ஆஃப் செய்து கேளுங்கள். பாதி ப்ளக்-இன்களைக் கழற்றிவிடுவீர்கள். பிடித்த ட்ராக்கோடு உங்களுடையதை ஒப்பிடும்போதும் இதே விதி. வெளியான ட்ராக்குகள் மாஸ்டரிங் என்ற இறுதி மெருகு முடிந்து சத்தமாக இருக்கும். அவற்றைக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பெரிய ஸ்பீக்கர் வேண்டாம், அந்த அறையில் அது இதே கோளாறைப் பெரிதாக்கும். எஃப்எல் ஸ்டுடியோவுடன் வரும் ஈக்யூவும் கம்ப்ரஸரும் உங்களுக்குப் பல வருடம் போதும். மிக்ஸிங்குக்கான ஓப்பன்-பேக் (பின்புறம் திறந்த) ஹெட்போன் ஒன்று வாங்குங்கள், அதில் அறை குறுக்கிடாது. கிக்கையும் பேஸையும் அதில் முடிவு செய்துவிட்டு, மற்ற சேனல்களை ஸ்பீக்கரில் சமன்செய்யுங்கள். மிச்சப் பணம் இருக்கட்டும். முதல் லூப்பை 160 பாராக்கி அனுப்புங்கள், முழுதாகக் கேட்க ஆவலாக இருக்கிறேன்.