தோல் செருப்பு, பை, பழைய பெட்டி: எண்ணெய் எதற்கு, மெழுகு எதற்கு?

கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: தோல் செருப்பு, பெல்ட், கைப்பை எல்லாம் வெடிக்காமல், பூஞ்சை பிடிக்காமல், பளபளப்பாக இருக்கப் பழைய முறையில் என்ன செய்வார்கள்? தேங்காய் எண்ணெய் தடவினால் போதுமா? தாத்தா காலத்துத் தோல் பெட்டி ஒன்று சிவப்பாகப் பொடி உதிர்கிறதே, அதற்கும் அதையே தடவலாமா?

நான் வாணியம்பாடிக்காரன். அப்பா டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்த்தவர். நான் தோல் பையும் பெல்ட்டும் தைத்துக் கொடுக்கிறேன், பழுதும் பார்க்கிறேன். என்னிடம் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால் வருபவை: உள்ளே எண்ணெய் இல்லாமல் காய்ந்துபோன தோலுக்கு மேலே மேலே பாலிஷ் போட்டிருப்பார்கள். தோல் என்பது நார்களின் பின்னல். நடக்கும்போதும் மடிக்கும்போதும் அந்த நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். அதற்கு எண்ணெய் உள்ளே இருக்க வேண்டும். மெழுகுக்கு வேலை வெளியே: தண்ணீரைத் தடுப்பது, பளபளப்பைத் தருவது. எண்ணெய் வற்றிய தோலில் எவ்வளவு மெழுகு ஏற்றினாலும் மடிப்பில் வெடிக்கும், வெடிப்புக்குள் பாலிஷ் போய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் அதை யாராலும் சரி செய்ய முடியாது.

தேங்காய் எண்ணெய்? ஆபத்துக்குப் பாவமில்லை, அவ்வளவுதான். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். மார்கழியில் பையின் மேல் வெள்ளையாகப் படலம் பூத்து நிற்கும். அதிகமாகத் தடவினால் தோல் தொய்ந்து, சட்டையிலும் சேலையிலும் கறை ஒட்டும். அதைவிட விளக்கெண்ணெய் நல்லது. கெட்டியானது, காற்றுப் பட்டு இறுகாது. ஆளி விதை எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். அது காற்றில் காய்ந்து பிசினாக இறுகும் ரகம். தோலுக்குள் இறுகினால் தோலே விறைத்துவிடும்.

எதைத் தடவுவதற்கும் முன்னால் உங்களிடம் இருப்பது எந்தத் தோல் என்று பாருங்கள். வெளியே தெரியாத ஓர் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சி அந்த இடம் கருத்தால், பெரும்பாலும் மரப்பட்டையில் பதனிட்ட, மேல்பூச்சு இல்லாத தோல். முத்தாக உருண்டு நின்றால் மேலே பூச்சு இருக்கிறது. வெட்டிய ஓரத்தையும் பாருங்கள். உள்வரை ஒரே பழுப்பாக இருந்தால் பட்டைத் தோல். நடுவில் நீலச் சாம்பல் கோடு தெரிந்தால் குரோம் தோல், அதாவது பட்டைக்குப் பதிலாகக் குரோமிய உப்பில் பதனிட்டது. துணி இழைகளின் மேல் பிளாஸ்டிக் தகடு மாதிரி இருந்தால் அது ரெக்சின். அது உரியத் தொடங்கினால் எந்த எண்ணெயும் உதவாது. டேனரியில் குரோம் தோலுக்கு ஒரு சோதனை உண்டு. ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். நன்றாகப் பதனான குரோம் தோல் அப்படியே கிடக்கும். பட்டைத் தோலைப் போட்டால் கண்ணெதிரே சுருண்டு பாதியாகிக் கட்டை போலாகிவிடும். நனைந்த செருப்பை அடுப்புப் பக்கத்திலும் கொளுத்தும் வெயிலிலும் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஈரமான பட்டைத் தோல் ஏறத்தாழ 75 முதல் 85 டிகிரிக்குள்ளேயே சுருங்கிவிடும்.

இப்போது பழைய முறை. வட ஆர்க்காடு, திண்டுக்கல், ஈரோடு பக்கத்து டேனரிகள் பேர் வாங்கியதே ஆவாரம் பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோலாலும் மாட்டுத்தோலாலும்தான். சந்தையில் அதற்கு ஈ.ஐ. தோல் என்று பெயர், ஈஸ்ட் இந்தியா என்பதன் சுருக்கம். 2008-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிற்பாடு ஆவாரம் பட்டையின் இடத்தைப் பெரும்பாலும் வாட்டில் பட்டை பிடித்துக்கொண்டது. ஆனாலும் முறை ஒன்றுதான்: பட்டைச் சாற்றில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு, அதற்குப் பிறகு எண்ணெய் ஏற்றுவது. புங்க எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாம் இதற்குப் பயன்பட்டவை. கடுக்காய் சும்மா சேர்ப்பது இல்லை. பட்டைத் தோல் வெளிச்சம் படப்படச் சிவந்து போகும். கடுக்காய் அந்தச் சிவப்பை அடக்கி, தோலுக்கு வெளிர் மஞ்சள் நிறம் தரும்.

எண்ணெய் ஏற்றும் விதத்தில்தான் வீட்டில் நமக்கு உதவும் விஷயம் இருக்கிறது. காய்ந்த தோலில் தடவ மாட்டார்கள். தண்ணீர் வடிந்து, கையில் பிழிந்தால் சொட்டாத ஈரம் இருக்கும்போது இரண்டு பக்கமும் தடவி, நிழலில் தொங்கவிடுவார்கள். ஈரம் வெளியேற வெளியேற, அது விட்ட இடத்துக்குள் எண்ணெய் மெல்ல இறங்கும். காய்ந்த தோல் மேல் ஊற்றினால் விழுந்த இடத்திலேயே குடித்துத் திட்டாக நின்றுவிடும். அதனால் வீட்டிலும் இப்படியே செய்யுங்கள். பட்டைத் தோல் பெல்ட் அல்லது செருப்பாக இருந்தால், முதலில் மென்மையான பிரஷால் தூசி தட்டுங்கள். பிழிந்த பருத்தித் துணியால் முழுப்பரப்பையும் ஒரே சீராகத் துடையுங்கள். ஒரு பகுதியை மட்டும் நனைத்தால் நீர்க்கோடு விழும். தொட்டால் சில்லென்று இருக்கும் ஈரத்தில், உள்ளங்கையில் சில சொட்டு விளக்கெண்ணெய் விட்டுத் தேய்த்துச் சூடாக்கி, கையாலேயே தடவுங்கள். துணி பாதி எண்ணெயைக் குடித்துவிடும், கை குடிக்காது. சதைப் பக்கம், அதாவது சொரசொரப்பான உள்பக்கம், திறந்திருந்தால் அங்கே தடவுவது இன்னும் நல்லது. ஒரு இரவு நிழலில் விடுங்கள். காலையில் வளைத்துப் பாருங்கள், மடிப்பில் வெளிறினால் இன்னொரு முறை தடவலாம். நிறம் கொஞ்சம் கருக்கும், அதைத் தவிர்க்க முடியாது. பூச்சுப் போட்ட குரோம் தோலில் எண்ணெய் உள்ளேயே போகாது. அதற்கு ஈரத்துணித் துடைப்பும் கொஞ்சம் மெழுகும் போதும். சொரசொரப்பான ஸ்வேடு தோலில் எண்ணெய், மெழுகு இரண்டுமே வேண்டாம், பிரஷ் மட்டும் போதும்.

அடுத்தது மெழுகு. நல்ல தேன்மெழுகு ஒரு பங்கு, விளக்கெண்ணெய் மூன்று பங்கு, எடை போட்டு எடுங்கள். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு சிறு பாத்திரம் வைத்து உருக்குங்கள். நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியிலேயே உருகிவிடும், நேரடித் தீயில் அளவுக்கு மீறிக் காய்ந்தால் கருகும், தீயும் பிடிக்கும். ஆறினதும் பசை மாதிரி வரும். பழைய பனியன் துணியில் துளி எடுத்து, வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போங்கள். கால் மணி நேரம் விட்டு, குதிரைமயிர் பிரஷால் வேகமாகத் தேயுங்கள். பளபளப்பு மெழுகில் இல்லை, இந்தத் தேய்ப்பில்தான் இருக்கிறது. உராய்வுச் சூட்டில் மெழுகு இளகிச் சமமாகப் பரவுகிறது. கடை டப்பா பாலிஷிலும் மெழுகு, டர்பன்டைன் வகைக் கரைப்பான், சாயம் மூன்றும்தான் முக்கியம். நல்ல ரகத்தில் பிரேசில் நாட்டுப் பனை ஓலையிலிருந்து எடுக்கும் கார்னூபா மெழுகு சேர்ப்பார்கள். அது 80 டிகிரிக்கு மேல்தான் உருகும், தேன்மெழுகைவிடக் கடினம். கண்ணாடி போன்ற மினுமினுப்புக்கு அதுதான் காரணம். ராணுவத்தில் ஷூ முனையைப் பளபளக்க வைக்க மெழுகின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு மெல்லியதாக அடுக்கடுக்காகத் தேய்ப்பார்கள். மடியாத முனைக்கும் குதிகால் பகுதிக்கும் அது சரி. மடியும் இடத்தில் செய்தால் நொறுங்கி விழும்.

டேனரிப் பளபளப்பு இன்னொரு வகை. கிளேசிங் மெஷின் என்று ஒன்று உண்டு. அதில் கண்ணாடி அல்லது அகேட் கல் பொருத்திய கை ஒன்று தோலின் மேல் அழுத்தி அழுத்தி ஓடும். அதற்கு முன்னால் பாலில் உள்ள புரதமான கேசீன், முட்டை வெள்ளைக்கரு, அரக்கு போன்றவற்றைக் கரைத்துப் பூசியிருப்பார்கள். உராய்வில் அந்தப் புரதம் இறுகி, நிறமில்லாத மெல்லிய படலமாகப் பதியும், மயிர்க்கால் துளைகள்கூட மறையாது. இதைக் கேள்விப்பட்டு வீட்டில் பையில் பாலையும் முட்டையையும் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த அழுத்தமும் சூடும் இல்லாமல் அது இறுகாது, நாறும், பூஞ்சைக்குத்தான் விருந்து. பூச்சு இல்லாத பட்டைத் தோலாக இருந்தால், மெழுகு போட்டபின் வழுவழுப்பான கண்ணாடிப் புட்டியின் பக்கவாட்டால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். ஏறக்குறைய அதே மினுக்கம் வரும்.

பெல்ட்டின் ஓரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான். உப்புத்தாளால் தேய்த்து, புளியங்கொட்டைப் பசையோ வேலம்பிசின் கரைசலோ மெல்லியதாகத் தடவி, ஈரம் இருக்கும்போதே கட்டையாலோ எலும்பாலோ அழுத்தி ஓட்டினால் நார்கள் படிந்து ஒரே கோடாகிவிடும். அதன்மேல் மெழுகு. உங்கள் தெருமுனையில் உட்கார்ந்திருக்கும் செருப்புத் தொழிலாளியிடம் பத்து நிமிடம் நின்று பாருங்கள், சுடவைத்த இரும்பால் மெழுகை ஓரத்தில் இழைக்கும் கை நேர்த்தி தெரியும். இந்தத் தொழிலறிவு முழுவதையும் தலைமுறை தலைமுறையாகக் காத்துத் தந்தவர்களை ஊர் ஒதுக்கியே வைத்திருந்தது. அவர்களிடம் வேலை கொடுக்கும்போது பேரம் பேசாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: ஈரமான பட்டைத் தோலில் ஆணி, சாவி, இரும்பு பக்கிள் பட்டால் கருநீலக் கறை விழும். இரும்பும் தோலில் உள்ள துவர்ப்புச் சத்தும் சேர்ந்து மையாகிறது. கலம்காரித் துணியில் கடுக்காய் ஏற்றி, வெல்லத்தோடு புளித்த இரும்புத் தண்ணீரால் கறுப்புக் கோடு வரைவதும் இதே வேதியியல்தான். தோலையும் இப்படிக் கறுப்பாக்கலாம். காடியில் (வினிகரில்) இரும்புத்தூள் ஊறிய தண்ணீரைத் தடவினால் சாயமே இல்லாமல் கறுக்கும், தேய்த்தாலும் கையில் ஒட்டாது. வேண்டாத கறையாக இருந்தால், விழுந்த உடனே எலுமிச்சைச் சாறு தொட்டு எடுத்து, ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

பூஞ்சை விஷயத்தில் ஒன்று. பைமேல் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூஞ்சை இல்லை. தோலில் உள்ள கொழுப்பு குளிரில் மேலே பூப்பதும் உண்டு. முடி உலர்த்தும் மெஷினை மிதமான சூட்டில், கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள். கண்முன் உருகி மறைந்தால் கொழுப்பு, துணியால் துடைத்தால் போதும். அப்படியே நின்று, புழுங்கல் வாடையும் வந்தால் பூஞ்சை. அதை வீட்டுக்குள் தட்டாதீர்கள், வித்துகள் பரவும். வெளியே கொண்டுபோய் உலர்ந்த பிரஷால் தட்டி, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பாதி தண்ணீர் கலந்து, துணியில் தொட்டுத் துடையுங்கள். முதலில் மறைவான ஓரத்தில் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு காற்றோட்டமான நிழல். காற்றில் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சை வளரத் தயார். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் அது தினசரி நிலவரம். பாலித்தீன் பைக்குள் கட்டி வைப்பதைவிடக் கெடுதல் வேறில்லை. பழைய வேட்டித் துணியில் சுற்றி, உள்ளே காகிதம் திணித்து, வாரம் ஒரு முறை அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள். எண்ணெயை மழைக்காலத்துக்கு முன்னரே ஏற்றிவிடுங்கள், மழை நடுவில் வேண்டாம்.

கோலாப்பூர் செருப்பும் பட்டைத் தோல்தான். நனைந்தால் அடித்தோல் உப்பும். மழைநாளில் போடவே வேண்டாம்.

கடைசியாக உங்கள் தாத்தாவின் பெட்டி. சிவப்புப் பொடி உதிர்கிறது என்றால் அது வறட்சி இல்லை. புகையிலும் காற்றிலும் உள்ள கந்தக வாயுக்களைத் தோல் உறிஞ்சி, அமிலமாகி, நார் அரித்துப்போன நிலை. லண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் 1905-இல் வெளியிட்ட புத்தகக் கட்டுத் தோல் பற்றிய அறிக்கை, இந்த அழிவுக்கு அதிகம் ஆளாகிறவை என்று சொன்னதில் நம் ஊரிலிருந்து போன ஆவாரம் பட்டைத் தோலும் இருந்தது. செருப்பு, சேணம் என்று உழைக்கிற பொருளுக்கு அது அருமையான தோல், ஆனால் நூறு வருடம் அலமாரியில் நிற்க ஏற்றது இல்லை. அரித்துப்போன நாரை எண்ணெய் ஒட்டவைக்காது, கருக்கவைத்துப் பிசுபிசுப்பாக்கும். அருங்காட்சியகங்களில்கூட ஒரு காலத்தில் லனோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு), தேன்மெழுகு, தேவதாரு எண்ணெய் கலவையைத் தடவினார்கள். இப்போது பெரும்பாலும் அதைக் கைவிட்டுவிட்டார்கள். பழம்பொருள் பாதுகாப்புக் கலைஞர்கள் ஹைட்ராக்சிபுரொபில் செல்லுலோஸ் என்ற பசைப்பொருளை ஆல்கஹாலில் கரைத்துத் தடவி, பொடி உதிராமல் பிடித்து வைக்கிறார்கள். அந்த வேலையை அவர்களிடமே விடுங்கள். அதுவரை ஈரத்துணி படாமல், தூசியை மென்மையான பிரஷால் மட்டும் நீக்கி, பருத்தித் துணி போர்த்தி, வெயில் படாத சுவரோரம் வையுங்கள். கைப்பிடியைப் பிடித்துத் தூக்க வேண்டாம், முதலில் அறுவது அதுதான். அடியில் இரண்டு கையும் கொடுத்துத் தூக்குங்கள்.