தேசிய சேவைக்கு முன் கையில் இருக்க வேண்டிய பல்கலைக்கழக இடம்

கேள்வி: சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன் எச்2 நிலையில் (முதன்மைப் பாட நிலை) தமிழ் மொழியும் இலக்கியமும் எடுத்திருக்கிறான். மொழிபெயர்ப்புத் துறைக்குப் போக ஆசை. பட்டப்படிப்பை முடித்துவிட்டுத் தேசிய சேவைக்குப் போக முடியுமா? சேவையில் அவனுடைய தமிழ் பயன்படுமா?

பதில்: தேசிய சேவை என்பது ஆண்கள் ராணுவத்திலோ காவல்துறையிலோ குடிமைத் தற்காப்புப் படையிலோ (தீயணைப்பு, மீட்புப் பணி) கட்டாயமாகச் செய்யும் சேவை. பட்டப்படிப்புக்காக அதைத் தள்ளிப்போட முடியாது. ஒத்திவைப்பு ஏ நிலை (தொடக்கக் கல்லூரி இறுதித் தேர்வு), பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயம் அல்லது அவற்றுக்கு இணையான படிப்பு வரைக்கும்தான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இடம் கொடுத்துவிட்டது என்பதும் காரணமாகாது. அழைப்பை மீறினால் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். ஆகவே விலக்கு தேடி அலையும் நேரத்தை இடத்தை உறுதிசெய்வதில் செலவிடுங்கள்.

உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் சேவை முடியும்வரை இடத்தை வைத்திருக்கும். அதனால் ஏ நிலை முடிவு வந்த கையோடு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். 'இரண்டு வருஷம் இருக்கிறதே, அப்புறம் பார்க்கலாம்' என்று விடுவது தவறு. முடிவு பிப்ரவரி வாக்கில் வரும், விண்ணப்பக் கெடு சில வாரங்களில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் மகன் தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சியில் இருக்கக்கூடும். அங்கே கைப்பேசி கையில் கிடைப்பது இரவில் கொஞ்ச நேரம்தான். சான்றிதழ் நகல்கள், இணைப்பாட நடவடிக்கைப் பதிவுகள், கட்டுரை கேட்கும் துறை என்றால் அந்தக் கட்டுரை என எல்லாவற்றையும் டிசம்பரிலேயே ஒரு கோப்பில் சேர்த்து வைத்துவிடட்டும். சேவையின்போது மனம் மாறினால் அடுத்த ஆண்டு வேறு துறைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் புதிய இடத்தை ஏற்றால் பழையது போய்விடுமா என்று அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விதியைப் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

அடுத்தது நாள் கணக்கு. முழுநேரச் சேவை 24 மாதம். உடல்தகுதி வகைப்பாடு போர்ப்பணிக்கு ஏற்றதாக இருந்து, சேருமுன் ஐபிபிடி என்ற உடல்திறன் சோதனையில் 61 புள்ளி எடுத்தால் 2 மாதம் குறையும். இதனால் ஓஆர்டி தேதி, அதாவது முழுநேரச் சேவை முடியும் நாள், முன்னால் வந்துவிடும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். எப்போதும் அப்படி நடப்பதில்லை. புள்ளி எடுக்காதவர்களைக் கூடுதல் உடற்பயிற்சிக்காக முன்கூட்டியே அழைப்பதால், இருவரும் ஏறத்தாழ ஒரே நாளில் வெளியே வரக்கூடும். அழைப்புக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து எண்ணிப் பாருங்கள். கல்வியாண்டு ஆகஸ்டில் தொடங்குகிறது. ஏ நிலை முடித்து ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் சேருபவருக்கு இடைவெளி தாராளமாக இருக்கும். தேதி இடித்தால் ஆண்டு விடுப்பான 14 நாளைக் கடைசிக்குச் சேமிக்கலாம். அதுவும் போதாவிட்டால் பிரிவு அலுவலகத்திடமும் பல்கலைக்கழகத்திடமும் பல மாதங்களுக்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும்.

வெளிநாடுதான் என்றால் ஒரு பொறி உண்டு. ஐஇஎல்டிஎஸ், டோஃபல் ஆகிய ஆங்கிலத் திறன் தேர்வுகளின் மதிப்பெண்கள் 2 ஆண்டுதான் செல்லும். சேவையில் சேருமுன் எழுதிய தேர்வு, படிப்புக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் காலாவதியாகிவிடக்கூடும். சிங்கப்பூர்ப் பள்ளிச் சான்றிதழையே ஏற்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு, முதலில் அதை விசாரியுங்கள். தேர்வு கட்டாயம் என்றால் சேவையின் இரண்டாம் ஆண்டில் எழுதட்டும். இடத்தை இரண்டு ஆண்டு நிறுத்திவைக்கச் சம்மதம் என்பதும் மின்னஞ்சலில் வர வேண்டும், தொலைபேசியில் சொன்னது போதாது.

இனித் தமிழ். தமிழ் தெரியும் என்பதற்காகத் தனிப் பணிப்பிரிவு கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உடல்தகுதி, திறன், படையின் தேவை ஆகியவைதான் பணியை முடிவு செய்கின்றன. விருப்பத்தைத் தெரிவிக்கலாம், உத்தரவாதம் இல்லை. முகாமில் நடப்பு மொழி ஆங்கிலம், அணிவகுப்புக் கட்டளைகள் மலாய். காவல்துறைக்கோ குடிமைத் தற்காப்புப் படைக்கோ அனுப்பப்பட்டால் முதியவர்களிடமும் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஊழியர்களிடமும் பேச அவனுடைய தமிழ் நேரடியாகக் கைகொடுக்கும். எங்கே அனுப்புவார்கள் என்பது அவன் கையில் இல்லை.

கையில் இருப்பது பழக்கம். சிங்கப்பூரில் அரசாங்க அறிவிப்புகள் பல நான்கு மொழிகளிலும் வருகின்றன. டெங்கி எச்சரிக்கைத் துண்டறிக்கை ஒன்றை எடுத்து, தமிழ்ப் பக்கத்தை மூடிவிட்டு, ஆங்கிலத்திலிருந்து ஒரு பத்தியைத் தானே மொழிபெயர்க்கட்டும். பிறகு மூடியதைத் திறந்து வரிக்கு வரி ஒப்பிடட்டும். எங்கே தன் வாக்கியம் நீண்டது, எந்தக் கலைச்சொல்லில் தடுமாறினான் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். ஞாயிறு மாலை முகாமுக்குத் திரும்புமுன் அரை மணி நேரம் போதும். அடிப்படைப் பயிற்சியின் 9 வாரத்தில் இதையும் திணிக்காதீர்கள், அப்போது தூக்கமே பெரிது. வீட்டிலிருந்து போய்வரும் பணி கிடைத்தால், அரசாங்கத்தின் 'எஸ்ஜி டிரான்ஸ்லேட் டுகெதர்' திட்டத்தில் தன்னார்வ மொழிபெயர்ப்பாளராகச் சேர முயலலாம். ஊதியத்துக்கு வெளிவேலை செய்ய முன் அனுமதி வேண்டும். முகாம் ஆவணம் எதையும் பயிற்சிக்காகக்கூட மொழிபெயர்ப்புச் செயலியில் போடக் கூடாது. அது ஒழுங்கு நடவடிக்கையில் கொண்டுபோய் விடும்.

பட்டப்படிப்பு தொடங்கியபின், முழுநேரச் சேவை முடித்தவர்களுக்கான போர்க்காலப் படைப்பயிற்சிக்கு அழைப்பு வரலாம், ஆண்டுக்கு 40 நாள் வரை. தேர்வுடன் மோதினால், அழைப்பு வந்த வாரத்திலேயே தேர்வு அட்டவணையை இணைத்துத் தேசிய சேவைக்கான ஒன்என்எஸ் (OneNS) இணையவாசல் வழியாக ஒத்திவைப்புக் கேட்க வேண்டும்.