டோக்கன் தணிக்கை வேலைக்கு மகளை அனுப்பலாமா? ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், கிரிப்டோ டோக்கன்களின் ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டுகளை, அதாவது பரிமாற்ற விதிகளைத் தானாக நிறைவேற்றும் நிரல்களை, தணிக்கை செய்யும் துறைக்குப் போகப்போவதாகச் சொல்கிறாள். அவளுடைய அப்பா அதைச் சூதாட்டம் என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு, இது பிழைப்புக்கு ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகும். பிறர் எழுதிய நிரலை வரிவரியாகச் சந்தேகத்தோடு வாசித்து, கண்ட குறையை யாருக்கும் புரியும்படி எழுதித் தருகிற வேலை இது. வாசிப்பில் பொறுமையும் எழுத்தில் துல்லியமும் அவளிடம் இருந்தால் தாராளமாக விடுங்கள். டோக்கன் விலை ஏறி இறங்குவதைப் பார்ப்பதிலேயே அவள் பொழுது போகிறது என்றால், அப்பாவின் கவலையில் நியாயம் இருக்கிறது.

டோக்கன் என்பது பிளாக்செயினில், அதாவது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுக் கணக்கேட்டில், ஓடும் ஒரு நிரல். யாரிடம் எத்தனை இருக்கிறது என்ற கணக்கும், அதை ஒருவர் இன்னொருவருக்கு மாற்றுவதற்கான விதிகளும் அதற்குள் இருக்கின்றன. எத்தீரியம் என்ற பிளாக்செயினில் பெரும்பாலான டோக்கன்கள் 2015-இல் முன்மொழியப்பட்ட ஈஆர்சி-20 என்ற வரையறையைப் பின்பற்றுகின்றன. நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் இயக்கிப் பார்க்கலாம். பணம் தவறான கைக்குப் போய்விட்டால் திருப்பித் தரச்சொல்லி முறையிட வங்கி மேலாளர் ஒருவர் கிடையாது. ஆகவே குறை எதுவாக இருந்தாலும் நிரல் வெளியாகும் முன்பே பிடித்தாக வேண்டும். தணிக்கையாளருக்குச் சம்பளம் கொடுப்பது இதற்காகத்தான்.

வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்கே புரிய, ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொல்கிறேன். 2018 ஏப்ரலில் பியூட்டிசெயின் என்ற டோக்கன் தாக்கப்பட்டது. ஒரே முறையில் பல பேருக்கு டோக்கன் அனுப்பும் ஃபங்ஷன் (நிரலுக்குள் ஒரு வேலையைச் செய்யும் பகுதி) ஒன்று அதில் இருந்தது. பெறுவோரின் எண்ணிக்கையை, ஆளுக்கு அனுப்பும் தொகையால் பெருக்கும், அந்த அளவு இருப்பு அனுப்புபவரிடம் உள்ளதா என்று பார்க்கும், இருந்தால் அனுப்பிவிடும். மேலோட்டமாகப் பார்த்தால் குறை சொல்ல இடமே இல்லை. ஆனால் அந்த எண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 256 பிட்தான்; 2-இன் 256-ஆம் அடுக்குக்கு ஒன்று குறைவான எண் வரைதான் அதில் அடங்கும். தாக்கியவர், பெறுவோர் 2 பேர் என்றும் ஆளுக்கு 2-இன் 255-ஆம் அடுக்கு என்றும் கொடுத்தார். பெருக்கினால் 2-இன் 256-ஆம் அடுக்கு. அது 256 பிட்டுக்குள் அடங்காது, வழிந்து பூஜ்யமாகிவிடும். பூஜ்யம் இருப்பு எல்லோரிடமும் இருக்கிறது, ஆகவே சோதனை தேறிவிட்டது. பெறுவோர் இருவர் கணக்கிலும் நினைத்தே பார்க்க முடியாத எண்ணிக்கையில் டோக்கன்கள் விழுந்தன. அதே ஃபங்ஷனில் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் சேஃப்மேத் என்ற பாதுகாப்பான கணக்கு நூலகத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். பெருக்கல் ஒன்றில் மட்டும் விட்டுப்போயிற்று. அந்த ஒரு வரியில் கண் நிற்பதுதான் உங்கள் மகள் கற்க விரும்பும் திறமை.

கான்ட்ராக்ட் எழுதும் மொழியான சாலிடிட்டியின் 0.8 பதிப்பு 2020 டிசம்பரில் வந்தது; அது இப்படி வழியும் கணக்கைத் தானாகவே தடுத்துவிடுகிறது. அதனால் வேலை குறைந்துவிடவில்லை, குறைகள் இடம் மாறியிருக்கின்றன. டெதர் டோக்கனின் எத்தீரியம் கான்ட்ராக்ட், பணத்தை மாற்றிய பிறகு வெற்றியா தோல்வியா என்று வரையறை கேட்கும் பதிலைத் திருப்பித் தருவதில்லை. யுஎஸ்டிசி என்ற டோக்கனுக்குத் தசம இடங்கள் 6. பல டோக்கன்களுக்கு 18. சில டோக்கன்கள் ஒவ்வொரு பரிமாற்றத்திலும் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வதால், 100 அனுப்பினால் 100 போய்ச் சேராது. எல்லா டோக்கனும் ஒன்றுபோல நடக்கும் என்று நம்பி எழுதிய நிரல் இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு கேள்வி இருக்கிறது: டோக்கனின் உரிமையாளருக்கு என்னென்ன அதிகாரம்? புதிய டோக்கன்களை நினைத்தபோது அச்சடிக்கலாமா? ஒருவர் விற்பதைத் தடுக்கலாமா? நிரலையே மாற்றலாமா? தொழில்நுட்பப் பிழை ஒன்றுகூட இல்லாத டோக்கன், உரிமையாளரின் அதிகாரத்தாலேயே மக்களின் பணத்தை விழுங்கிவிட முடியும். "தணிக்கை செய்யப்பட்டது" என்ற முத்திரையைக் காட்டி ஆள் பிடிப்பதற்காகவே தணிக்கைக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். உரிமையாளரின் அதிகாரங்களை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதவிடாத நிறுவனத்தில் அவள் சேரக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாணவர்கள் அசட்டை செய்வது இதைத்தான். "பணம் எடுக்கும் ஃபங்ஷனில் மறுநுழைவு அபாயம் உள்ளது" என்று எழுதிக்கொடுத்தால், நிரலை எழுதியவர் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார். இப்படி எழுதிப் பாருங்கள் (ஈத்தர் என்பது எத்தீரியத்தின் நாணயம்): "பணம் எடுக்கும் ஃபங்ஷன், பயனாளரின் இருப்பைக் குறைப்பதற்கு முன்பே அவருக்கு ஈத்தரை அனுப்பிவிடுகிறது. பெறுபவர் ஒரு கான்ட்ராக்ட்டாக இருந்தால், பணம் வந்த கணமே அதே ஃபங்ஷனை மறுபடியும் அழைக்கலாம். இருப்பு பழைய எண்ணையே காட்டுவதால் மறுபடியும் பணம் கிடைக்கும். 1 ஈத்தர் போட்டவர், மற்றவர்கள் போட்ட 10 ஈத்தரையும் எடுத்துவிடுவதை இணைத்துள்ள சோதனை காட்டுகிறது. முதலில் இருப்பைக் குறைத்து, பிறகு பணத்தை அனுப்பவும்." இதை யாராலும் ஒதுக்க முடியாது. 2016 ஜூனில் தி டிஏஓ என்ற நிதியத்திலிருந்து சுமார் 36 லட்சம் ஈத்தரை எடுத்தது இதே வகைக் குறைதான். அதன் விளைவாக எத்தீரியம் பிளாக்செயினே இரண்டாகப் பிரிந்தது. உங்கள் மகளுக்கு ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம் இருந்தால், இன்னொரு புரோகிராமிங் மொழியைக் கற்பதற்கு முன்பு அந்தத் தயக்கத்தைப் போக்கச் சொல்லுங்கள்.

பட்டப்படிப்பை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. தரவு அமைப்புகள், இயங்குதளம், குறியாக்கவியல் எல்லாம் இந்த வேலைக்கும் வேண்டும். பெரும் கட்டணம் வாங்கும் பயிற்சி வகுப்பும் தேவையில்லை, ஏனென்றால் நல்ல பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சாலிடிட்டி கற்றதும் ஓப்பன்செப்பலின் என்ற பொது நிரல் நூலகத்தின் டோக்கன் நிரலை முழுதாக வாசிக்கட்டும். எத்தர்நாட், டேம்ன் வல்னரபிள் டீஃபை ஆகிய பயிற்சிப் புதிர்களை விடையைப் பார்க்காமல் போட்டுப் பார்க்கட்டும். ஃபவுண்ட்ரி என்ற கருவியில் சோதனை எழுதவும், ஸ்லிதர் போன்ற குறை தேடும் கருவி தரும் எச்சரிக்கைகளில் எது உண்மை, எது வெறும் சத்தம் என்று பிரிக்கவும் பழகட்டும். பிறகு கோட்அரீனா, ஷெர்லாக் போன்ற தளங்களின் தணிக்கைப் போட்டிகளில் இறங்கலாம். போட்டி முடிந்து வெளியாகும் அறிக்கையைத் தன் குறிப்புகளோடு ஒப்பிட்டு, தான் எங்கே கோட்டைவிட்டோம் என்று பார்ப்பதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

பணத்தைப் பற்றி அவளுடைய அப்பா கேட்பார். போட்டியில் ஒரே குறையைப் பல பேர் கண்டுபிடித்தால் பரிசு பங்கு பிரிந்துபோகும்; பல வாரம் உழைத்தும் கைக்கு ஒன்றும் வராமல் போகலாம். 2022-இல், பிளாக்செயின்களை இணைக்கும் வோர்ம்ஹோல் திட்டம் ஒரே ஒரு குறையைச் சொன்னவருக்கு 1 கோடி டாலர் பரிசு கொடுத்தது உண்மைதான். அதை நம்பி வாழ்க்கையைத் திட்டமிட முடியாது. சம்பளம் வாங்கும் தணிக்கையாளராகச் சேர்வதே நிலையான வழி, அதற்குப் போட்டி அறிக்கைகள்தான் சான்றிதழ். கிரிப்டோ சந்தை சரியும்போது ஆள் எடுப்பதும் குறையும். அதனால் பொது மென்பொருள் பாதுகாப்பிலும் ஒரு கால் ஊன்றியிருக்கட்டும். நிரலைச் சந்தேகத்தோடு வாசிக்கத் தெரிந்தவருக்கு அங்கும் இடம் உண்டு. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தெரிந்த வகைக் குறைகளை வேகமாகப் பிடிக்கின்றன. அவள் அவற்றைப் பயன்படுத்தத்தான் வேண்டும். திட்டத்தின் நோக்கம் ஒன்றாகவும் நிரல் செய்வது வேறாகவும் இருக்கும் இடங்களில் அவள் தன் நேரத்தைப் போடுவது நல்லது.

மனத்தைத் தயார்ப்படுத்தவும் வேண்டும். 2023 மார்ச்சில், கிரிப்டோ கடன் திட்டமான ஆய்லர் ஃபைனான்ஸிலிருந்து சுமார் 19.7 கோடி டாலர் போயிற்று. பல தணிக்கைகளைக் கண்ட திட்டம் அது. பின்னாளில் சேர்த்த ஒரு ஃபங்ஷனில், கடன் வாங்கியவரின் பிணை போதுமானதா என்ற சோதனை விடுபட்டிருந்தது. பணத்தின் பெரும்பகுதி பிறகு திரும்பி வந்தது. இப்படி ஒன்று அவள் பார்த்த நிரலிலும் ஒரு நாள் நடக்கலாம். அன்று அவள் இரவெல்லாம் தூங்காமல் இருந்தால், ஆறுதல் சொல்ல வீட்டில் ஆள் வேண்டும். நீங்கள் அந்த ஆளாக இருங்கள்.

சட்டத்தின் பக்கம் ஒரு கோட்டைக் கண்டிப்பாகப் போட்டுவிடுங்கள். இயங்கிக்கொண்டிருக்கும் கான்ட்ராக்ட்டில் குறையைக் கண்டால், "காப்பாற்றத்தான் எடுத்தேன்" என்று சொல்லிக்கூடப் பிறர் பணத்தைத் தொடக் கூடாது. பிளாக்செயினின் நகலைத் தன் கணினியில் உருவாக்கி அதில் நிரூபிக்கலாம். பிறகு அந்தத் திட்டத்தின் பரிசு விதிகளைப் படித்துவிட்டு, சொல்லப்பட்ட வழியில் தெரிவிக்க வேண்டும். பதில் வரும்வரை வெளியே மூச்சுவிடக் கூடாது.

கடைசியாக, வேலை தேடும் காலத்துக்கான எச்சரிக்கை. 2022-இல், பிளாக்செயின்களுக்கு இடையே பணத்தை மாற்றும் ரோனின் பாலத்திலிருந்து 60 கோடி டாலருக்கு மேல் திருடப்பட்டது. கான்ட்ராக்ட்டில் குறை இல்லை, பணத்தை நகர்த்தும் ரகசியச் சாவிகள்தான் களவு போயின. போலி வேலைவாய்ப்பு ஒன்றை நம்பிப் பொறியாளர் ஒருவர் திறந்த கோப்பிலிருந்து அது தொடங்கியது என்று செய்தி வெளியானது. அதே தந்திரம் இன்றும் புதியவர்களைக் குறிவைக்கிறது: நேர்காணல் என்று அழைப்பார்கள், "இந்த புராஜெக்டை இயக்கிப் பாருங்கள்" என்று கோப்பு அனுப்புவார்கள், இயக்கியதும் வாலட்டின் (டோக்கன்களை ஆளும் மின்னணுப் பணப்பை) ரகசியச் சாவி போய்விடும். முன்பின் தெரியாதவர் அனுப்பும் நிரலைத் தனி மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் பிரித்து வைத்த இன்னொரு கணினி) மட்டும் திறக்கச் சொல்லுங்கள். அந்தக் கணினியில் வாலட்டோ, வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லோ இருக்கவே கூடாது. வேலையில் சேர முன்பணம் கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடட்டும்.