மனசு சரி என்கிறது, கால்தான் நடுங்குகிறது: திருமுழுக்குக்கு முன் சில கேள்விகள்

பெரியவர்களான பிறகு கத்தோலிக்கத் திருச்சபையில் சேர வருகிறவர்களுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுடைய பயங்களைப் பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன், நிறைய வந்துவிட்டன. சிலர் "சிஸ்டர்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் துறவி இல்லை, பிள்ளைகுட்டிக்காரி. அக்கா என்றே கூப்பிடுங்கள்.

அக்கா, கோயில் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன். பங்குத்தந்தையிடம் என்ன சொல்லித் தொடங்குவது?

"ஃபாதர், கத்தோலிக்க விசுவாசத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்திருக்கிறேன்." இது போதும். சேரப்போகிறேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஞாயிறு பூசை (திருப்பலி) முடிந்ததும் அவரைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். வார நாளில் போங்கள், அல்லது பங்கு அலுவலகத்துக்கு ஃபோன் செய்து நேரம் கேளுங்கள். பெரும்பாலும் மூன்று விஷயம் கேட்பார்: ஏற்கெனவே திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றிருக்கிறீர்களா, திருமணம் ஆகிவிட்டதா, எது உங்களை இங்கே கொண்டுவந்தது. மூன்றாவதற்கு அழகான பதில் தேடாதீர்கள். "திருப்பலியில் உட்கார்ந்திருக்கப் பிடிக்கிறது" என்பதும் பதில்தான்.

ஒரு தடவை பெயர் கொடுத்துவிட்டால் பின்வாங்க முடியாதே? அதுதான் எனக்குப் பயம்.

முடியும். இந்தப் பயத்தோடுதான் அதிகம் பேர் வருகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். யாரையும் வற்புறுத்திக் கத்தோலிக்கராக்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. பழங்காலத் திருச்சபையில் பெரியவர்களைப் படிப்படியாகத் தயாரிக்கும் வழக்கம் இருந்தது. அதை மீட்டெடுக்கச் சொன்னது உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1972-இல் அதற்கான சடங்குமுறை வெளிவந்தது.

முதலில் வெறும் விசாரிப்புக் காலம். அதற்குக் கெடு கிடையாது. பிறகு, உங்கள் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து ஏற்றுக்கொள்ளும் சிறிய சடங்கு. அப்புறம் மறைக்கல்வி, அது சில மாதமும் ஆகலாம், ஒரு வருடத்துக்கு மேலும் போகலாம். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, வழக்கமாக ஆயர் (பிஷப்) முன்னிலையில், பெயர் பதிவாகும். தவக்கால 3, 4, 5-ஆம் ஞாயிறுகளில் உங்களுக்காகத் தனியாகச் செபிப்பார்கள். கடைசியாகத்தான் பாஸ்கா திருவிழிப்பு இரவில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய இரவில், திருமுழுக்கு. தலையில் தண்ணீர் விழும்வரை எந்தக் கட்டத்திலும் "இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும்" என்று சொல்லலாம். தவக்காலத்தின் நடுவில் நின்றுவிட்டு அடுத்த வருடம் வந்தவர்களும் இருக்கிறார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பழங்கால இறையியலாளர் புனித அகுஸ்தினாரைப் பிறந்த சிறிது நாளிலேயே திருமுழுக்குக்கான வரிசையில் சேர்த்துவிட்டார்கள். தண்ணீருக்குள் இறங்கியது 387-ஆம் ஆண்டு, 32 வயதில். அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்த ஆயர் அம்புரோசியார் கதை நேரெதிர். அவரை மிலான் மக்கள் ஆயராகத் தேர்ந்தெடுத்தபோது அவருக்கே திருமுழுக்கு ஆகியிருக்கவில்லை!

எல்லாவற்றையும் நம்புகிறேன் என்று சொல்ல வேண்டுமாமே. தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுள் எனக்குப் புரியவே இல்லை.

எனக்கும்தான். புரியாததைத் திருச்சபையை நம்பி ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் "இது உண்மையில்லை என்றே நினைக்கிறேன்" என்று உள்ளே ஒன்று உறுதியாக நின்றால், ஊருக்காக "நம்புகிறேன்" என்று சொல்லாதீர்கள். அது எது என்று பெயர் வைத்துப் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள், படியுங்கள், காத்திருங்கள். ஆங்கிலேயக் குரு ஜான் ஹென்றி நியூமன் 1843-இல் ஆங்கிலிக்கன் சபையில் தன் பங்குப் பொறுப்பை விட்டார். கத்தோலிக்கரானது 1845 அக்டோபர் 9-இல். நடுவில் இரண்டு வருடம். அவரை அவசரக்காரர் என்றோ கோழை என்றோ யாரும் இன்று சொல்வதில்லை, 2019-இல் புனிதர் பட்டமே கொடுத்தாகிவிட்டது.

காத்திருக்கும்போது செத்துப்போனால்?

ஆயத்தத்தில் இருக்கும்போதே இறப்பவருக்குக் கிறிஸ்தவ அடக்கம் உண்டு. திருமுழுக்கு மேல் கொண்ட ஆசையும், பாவத்துக்கான வருத்தமும், அன்பும் சேர்ந்து அவரை மீட்கும் என்பது திருச்சபையின் போதனை. உயிருக்கு ஆபத்தென்றால் யார் வேண்டுமானாலும், திருச்சபை செய்வதையே செய்யும் எண்ணத்தோடு, திருமுழுக்குக் கொடுக்கலாம். நிம்மதியாகத் தூங்குங்கள்.

அத்தனை பேர் முன்னால் நிற்க வேண்டும் என்று நினைத்தாலே வியர்க்கிறது.

இருட்டில்தான் தொடங்கும், அதுவே பாதி தைரியம். வெளியே நெருப்பு மூட்டி, பாஸ்கா திரியை ஏற்றி உள்ளே கொண்டுவருவார்கள். வாசகங்கள் நீளமாகப் போகும், உட்கார்ந்து கேட்க வேண்டியதுதான். உங்கள் முறை வரும்போது நீங்கள் சொல்ல வேண்டியவை மிகக் கொஞ்சம். தீமையை விட்டுவிடுகிறீர்களா என்று கேட்பார், "விட்டுவிடுகிறேன்". நம்புகிறீர்களா என்று கேட்பார், "நம்புகிறேன்". பிறகு தலையைக் குனிந்தால் மூன்று முறை தண்ணீர். காதுக்குள் போகும், கண்ணாடி போடுகிறவர்கள் முன்பே கழற்றி உங்களுக்குத் துணை நிற்கும் ஞானத்தாயிடமோ ஞானத்தந்தையிடமோ கொடுத்துவிடுங்கள். வெள்ளாடையும் மெழுகுதிரியும் தருவார்கள். அடுத்து வரும் உறுதிபூசுதல் சடங்கில் நெற்றியில் பூசும் கிறிஸ்மா என்ற புனிதத் தைலத்தின் வாசனை அன்று முழுக்கப் போகாது. அதே திருப்பலியில் முதல் நற்கருணை, அதாவது அர்ச்சிக்கப்பட்ட அப்பம் வாங்குவது. எங்கே திரும்புவது என்று மறந்தால் பக்கத்தில் நிற்கிற ஞானப்பெற்றோர் தோளைத் தொட்டுக் காட்டுவார், அதற்குத்தான் அவர் நிற்கிறார்.

வேறு சபையில் குழந்தையிலேயே ஞானஸ்நானம் வாங்கியவன் நான். மறுபடி எடுக்கணுமா? குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் என்றாலே வயிறு கலக்குகிறது, அக்கா.

தம்பி, தண்ணீரால், தந்தை மகன் தூய ஆவி பெயரால் தரப்பட்டிருந்தால் மறுபடி கிடையாது. சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள். விசுவாச அறிக்கை, உறுதிபூசுதல், நற்கருணை, அவ்வளவுதான். ஆனால் ஆமாம், அதற்கு முன் பாவசங்கீர்த்தனம் உண்டு. புதிதாகத் திருமுழுக்குப் பெறுகிறவர்களுக்கு அது தேவையில்லை, திருமுழுக்கிலேயே எல்லாம் மன்னிக்கப்பட்டுவிடுகிறது. கொடுத்துவைத்தவர்கள்.

பெரிய பாவங்களை, என்ன, ஏறக்குறைய எத்தனை தடவை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கதையும் காரணமும் வேண்டாம். மண்டியிட்டதும் "ஃபாதர், இதுதான் முதல் முறை, உதவி செய்யுங்கள்" என்று சொன்னால் மீதியை அவர் நடத்துவார். முகம் காட்டக் கூச்சமென்றால் தட்டிக்குப் பின்னால் இருக்கலாம். கேட்டதை வெளியே சொல்லும் குரு திருச்சபையிலிருந்தே விலக்கப்படுவார், அந்தச் சட்டத்துக்கு விதிவிலக்கு இல்லை. முடிந்ததும் தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். சட்டைப்பையில் விட்டுத் துவைக்கப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்!

எனக்கு விவாகரத்து ஆகியிருக்கிறது. சொன்னால் கதவைச் சாத்திவிடுவார்களா?

முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். விவாகரத்து ஆகித் தனியாக இருந்தால் அது மட்டுமே தடையாகாது. மறுமணம் செய்திருந்தால் முதல் திருமணத்தைத் திருச்சபை நீதிமன்றம் பார்க்க வேண்டியிருக்கும், அதற்கு நாள் பிடிக்கும். கடைசி மாதத்தில் சொன்னால்தான் எல்லோருக்கும் சங்கடம்.

அம்மா அழுகிறார்.

தேதி குறித்த பிறகு சொல்லாமல் முன்பே சொன்னீர்களே, நல்லது. அவரிடம் மறைக்கல்விப் பாடம் நடத்தாதீர்கள். தாய் தந்தையை மதிக்கச் சொல்லும் நான்காம் கட்டளை நீங்கள் சேரப்போகிற இடத்திலும் உண்டு என்று மட்டும் சொல்லுங்கள். வழக்கத்தைவிட அதிகமாக வீட்டுக்குப் போங்கள். அந்த இரவுக்கு அவரையும் கூப்பிடலாம், வந்து உட்கார்ந்து பார்க்க யாருக்கும் தடையில்லை. வீட்டில் ஆபத்து வரும் என்ற நிலை இருந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லி மெதுவாகப் போங்கள்.

பெயரை மாற்றணுமா? யார் ஞானப்பெற்றோராக இருக்கலாம்? எப்போது எழுவது, மண்டியிடுவது?

கட்டாயம் இல்லை, கிறிஸ்தவ உணர்வுக்கு முரணாக இல்லாத பெயரே போதும். ஞானப்பெற்றோர் வழக்கமாக 16 வயது நிரம்பிய, உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கர். சொந்த அப்பா அம்மா கூடாது. மூன்றாவதற்கு: கடைசி வரிசையில் உட்காராதீர்கள், அங்கிருந்தால் பார்த்துச் செய்ய யாரும் தெரியமாட்டார்கள்.

எல்லாம் முடிந்து ஒன்றுமே தோன்றாவிட்டால்?

பலருக்கு அன்று தோன்றுவது பசியும் தூக்கமும்தான். திருமுழுக்கு போன்ற அருட்சாதனம் உங்கள் உணர்ச்சியை வைத்து நடப்பதில்லை. உயிர்ப்புப் பெருவிழா தொடங்கி தூய ஆவிப் பெருவிழா வரையிலான ஐம்பது நாளும் புதியவர்களுக்கான காலம். அந்த ஞாயிறுகளில் ஞானப்பெற்றோருடன் சேர்ந்தே உட்காருங்கள், வகுப்பு முடிந்துவிட்டது என்று கேள்விகளை நிறுத்திவிடாதீர்கள். எங்கள் குழுவில் திருமுழுக்குக்கு அப்புறம்தான் சுவாரசியமான கேள்விகளே வருகின்றன.