கையை எடுத்தால் அணையும் சுடர்: கேஸ் அடுப்பிலும் கீசரிலும் பழுது எங்கே?

கேள்வி: எங்கள் வீட்டில் சமையல் மேடையில் பதித்த மூன்று பர்னர் கேஸ் அடுப்பு இருக்கிறது. பெரிய பர்னர் பற்றிக்கொள்கிறது, ஆனால் குமிழிலிருந்து கையை எடுத்தவுடன் அணைந்துவிடுகிறது. சின்ன பர்னரில் பால் பொங்கி வழிந்த நாளிலிருந்து ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும் கேட்கிறது, தீ பிடிப்பதில்லை. பின்பக்கத் திறந்த வராந்தாவில் மாட்டியிருக்கும் கேஸ் கீசரும் மார்கழிக் காலைகளில் சற்று நேரம் எரிந்துவிட்டு நின்றுவிடுகிறது. பெரிய பர்னரில் உள்ள ‘சென்சாரை’ நீக்கிவிட்டு நேராக இணைத்துவிடலாம் என்று பழுது பார்ப்பவர் சொல்கிறார். செய்யலாமா? — குன்னூர் வாசகி ஒருவர்.

பதில்: தயவுசெய்து அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். அவர் சென்சார் என்று சொல்வது தெர்மோகப்பிள். குழம்பு பொங்கியோ சன்னல் காற்று வீசியோ சுடர் அணைந்துபோனால் கேஸை நிறுத்துவதற்காகவே அது அங்கே இருக்கிறது. அதை விலக்கி உள்ளே இருக்கும் காந்த வால்வையும் செயலிழக்கச் செய்தால் அடுப்பு எரியத்தான் செய்யும். ஆனால் என்றாவது ஒரு நாள் சுடர் அணைந்த பிறகும் கேஸ் வந்துகொண்டே இருக்கும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. மேலெழுந்து கலைந்து போகாமல் தரையோரமாகத் தேங்கும். காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு கலந்தாலே அது தீப்பிடிக்கக்கூடிய கலவையாகிவிடும். பெரும்பாலும் ஒரு பழைய பல் துலக்கியால் தீரக்கூடிய சிக்கலுக்காக இவ்வளவு பெரிய ஆபத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம்.

தெர்மோகப்பிள் வேலை செய்யும் விதம் எளிமையானது. இரண்டு வேறு உலோகங்கள் முனையில் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். அந்த முனை சூடாகும்போது மில்லிவோல்ட் கணக்கில் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. அந்தச் சிறு மின்சாரம்தான் குமிழுக்குப் பின்னால் உள்ள காந்தத்தைப் பிடித்துவைத்து வால்வைத் திறந்திருக்கச் செய்கிறது. குமிழை அழுத்தும்போது வால்வைத் திறப்பது உங்கள் விரல்; கையை எடுத்த பிறகு அதைத் தாங்குவது முனையின் சூடு. எனவே பற்றிய பிறகு அணைகிறது என்றால் தீப்பொறியிலும் குறையில்லை, கேஸிலும் குறையில்லை. முனை போதிய அளவு சூடாகவில்லை, அல்லது அங்கே பிறக்கும் மின்சாரம் காந்தத்தைச் சென்று சேரவில்லை.

முதலில் குமிழை முழு ஆழத்துக்கு அழுத்திப் பற்றவைத்து, மனத்துக்குள் பத்து வரை எண்ணிவிட்டு விடுங்கள். பலர் இரண்டு நொடியில் கையை எடுத்துவிடுகிறார்கள். குமிழுக்கு அடியில் எண்ணெய்ப் பிசுக்கு இறுகியிருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் அது முழுவதும் உள்ளே போகாது. குமிழை வெளியே இழுத்தெடுத்துத் துடைத்துப் பாருங்கள். அதன் பின்பும் அணைந்தால், அடுப்பு நன்றாக ஆறியபின் பர்னர் மூடியைத் தூக்கி உள்ளே உற்றுப் பாருங்கள். பர்னரை ஒட்டி இரண்டு குச்சிகள் நிற்கும். வெள்ளைப் பீங்கான் உறை போட்டது பொறி விடும் முனை. மற்றது, உறையில்லாமல் பென்சில் கூர் போலிருப்பது, தெர்மோகப்பிள். அதன் தலையில் காய்ந்த பாலும் எண்ணெயும் கருகிப் பழுப்பு நிறப் பொருக்காக ஒட்டியிருந்தால் உங்கள் பழுது அநேகமாக அதுதான். மிக நைசான உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து உலோகம் தெரியும்வரை துடையுங்கள். வளைக்கவோ தட்டவோ வேண்டாம். சுடர் எரியும்போது அந்த முனையைத் தழுவ வேண்டும். குச்சி கீழே இறங்கியிருந்தாலோ பர்னர் மூடி கோணலாக உட்கார்ந்து சுடர் விலகிப் போனாலோ எத்தனை முறை துடைத்தும் பயனில்லை.

சின்ன பர்னரின் கதை வேறு. சத்தம் கேட்பதால் மட்டும் பொறி சரியான இடத்தில் விழுகிறது என்று கொள்ள முடியாது. வேறொரு பர்னரை எரியவிட்டு ரெகுலேட்டரை மூடுங்கள். குழாயில் மிஞ்சிய கேஸ் எரிந்து தானாக அணைந்ததும் அந்தக் குமிழையும் மூடிவிட்டு, சமையலறை விளக்கை அணைத்துச் சின்ன பர்னரின் குமிழை அழுத்திப் பாருங்கள். நீல நிறப் பொறி முனையிலிருந்து சில மில்லிமீட்டர் தாண்டிப் பர்னரின் மேல் விழ வேண்டும். பீங்கானின் அடியிலோ நடுவிலோ பளிச்சிட்டால், ஈரத்தின் வழியாகவோ விரிசலின் வழியாகவோ மின்சாரம் நழுவிப் போகிறது என்று பொருள். ஈரமென்றால் துணியால் ஒற்றி, ஓரிரவு காயவிட்டால் சரியாகிவிடும். விரிசல் விட்ட பீங்கானை ஒட்டவைக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். பொறி மங்கலாக இருந்தால், அடுப்புக்கு அடியில் பேட்டரி போடும் வகையாக இருக்கும் பட்சத்தில் முதலில் அதை மாற்றுங்கள்.

பொறி நன்றாக இருந்தும் தீ பிடிக்கவில்லையென்றால் ரெகுலேட்டரைத் திறந்து, தீக்குச்சியைக் கிழித்துப் பர்னர் அருகே பிடித்தபின் குமிழை அழுத்தித் திருப்புங்கள். எல்லாத் துளைகளிலும் ஒழுங்காகப் பற்றாமல், பொறி முனைக்கு எதிரே உள்ள துளைகளில் மட்டும் சுடர் வராவிட்டால், அங்கே பால் அடைத்திருக்கிறது. மூடியை வெந்நீரில் ஊறவைத்து, ஊசியால் துளைகளைச் சுத்தம் செய்து, முழுவதும் உலர்ந்த பிறகே மாட்டுங்கள். பர்னருக்குக் கீழே கேஸ் வரும் ஜெட்டில் மட்டும் ஊசியை விடாதீர்கள். அதன் துளை இம்மியளவு பெரிதானாலும் காற்றும் கேஸும் கலக்கும் விகிதம் கெட்டு, சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி படியும்.

கீசருக்கு வருகிறேன். குழாயைத் திறந்ததும் நீரின் அழுத்தம் ஒரு சிறு சுவிட்சைத் தள்ளுகிறது. பேட்டரி பொறியை விட்டு, கேஸ் வால்வையும் திறக்கிறது. சுடர் வந்ததை ஓர் உணர்முனை உறுதிசெய்தால்தான் வால்வு திறந்தே இருக்கும். பேட்டரி தளர்ந்தால் பொறி மட்டும் வரும், வால்வு திறந்து நிற்காது. இரண்டு பேட்டரி போடும் வகையென்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஆனால் மார்கழிக் காலையில் மட்டும் என்கிறீர்களே, அதனால் என் சந்தேகம் சிலிண்டர் மேல்தான் விழுகிறது. எரிவாயு என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். எரிவதற்கு அது உள்ளே ஆவியாக வேண்டும். பியூட்டேன் ஏறத்தாழ 0 பாகை செல்சியசில்தான் கொதிக்கத் தொடங்கும். உங்கள் ஊர்க் குளிரில் சிலிண்டரின் அழுத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். கீசர் அடுப்பைவிடப் பல மடங்கு கேஸை இழுப்பதால், ஆவியாகும்போது சிலிண்டர் மேலும் குளிர்ந்து, கேஸ் போதாமல் போகிறது. சிலிண்டர் காலியாகும் தறுவாயில் இது இன்னும் கூடும். கீசர் நிற்கும் வேளையில் சிலிண்டரின் கீழ்ப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று நீர் முத்துமுத்தாகக் கோத்திருந்தால் காரணம் அதுவே. இதற்காகச் சிலிண்டரை வெந்நீரில் நிறுத்துவதும், படுக்கவைப்பதும், குலுக்குவதும் மிக ஆபத்தான பழக்கங்கள். புதிய சிலிண்டரை மாட்டி, நீரின் வேகத்தையும் கேஸ் அளவையும் குறைத்து வைத்துப் பாருங்கள். கீசர் வெளி வராந்தாவில் இருப்பது மிக நல்லது. குளியலறைக்குள் மாட்டினால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடித்துவிடும்.

எப்போதும் எரியும் பைலட் சுடர் உள்ள பழைய வகைக் கீசரிலும் தெர்மோகப்பிள்தான் காவல். பைலட் சுடர் நீலமாக, முனையைச் சுற்றிப் பிடித்தபடி எரிய வேண்டும். மஞ்சளாகத் தளர்ந்து ஆடினால் அதன் நுண்துளையில் தூசியோ சிலந்திக் கூடோ அடைத்திருக்கும். அது அணைந்தால் குமிழை மூடி, ஐந்து நிமிடமாவது பொறுத்து, தரையோரம் வாசனை இல்லை என்று பார்த்தபின் பற்றவையுங்கள். எந்தச் சோதனையின்போதும் கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, சன்னல் கதவுகளைத் திறந்து, வெளியே போய் 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

துடைத்த பிறகும் பெரிய பர்னர் அணைந்தால் ஏஜென்சியின் மெக்கானிக்கை வரவழைத்து, உங்கள் அடுப்பில் முடியுமானால் நல்ல பர்னரின் தெர்மோகப்பிளை இதில் தற்காலிகமாக இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது சுடர் அணையாமல் எரிந்தால் தெர்மோகப்பிளை மட்டும் மாற்றினால் போதும். அப்போதும் அணைந்தால் காந்த வால்வுதான் பழுது. மாற்றி முடித்ததும் அவரைச் சற்று இருக்கச் சொல்லி, பர்னரை ஒரு நிமிடம் எரியவிட்டு அணையுங்கள். முனை ஆறியதும், ஒரு நிமிடத்துக்குள் அடுப்பின் உள்ளிருந்து ‘டக்’ என்று மெல்லிய ஓசை கேட்கும். காந்தம் பிடியை விட்டு வால்வு மூடிக்கொள்ளும் ஓசை அது. அதைக் காதால் கேட்ட பிறகு அவரை அனுப்புங்கள்.