தண்ணீருக்கடியில் ஜிபிஎஸ் கிடைக்காதே, மீன் ரோபோக்கள் எப்படிக் கூட்டமாக நீந்துகின்றன?

ஜிபிஎஸ் ரேடியோ அலைகளில்தான் வருகிறது, அவற்றைத் தண்ணீர் சீக்கிரமே உறிஞ்சிவிடும். அதனால் ரோபோ தானே பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும், நிஜ மீனைப் போல.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், ஹார்வர்டில் கணினி விஞ்ஞானி ராதிகா நாக்பாலின் குழு உருவாக்கி 2021-இல் வெளியிட்ட ‘புளூபாட்’ என்ற மீன் ரோபோ. ஒவ்வொன்றுக்கும் 2 கேமரா, 3 நீல எல்இடி, 4 துடுப்பு. பக்கத்து ரோபோவின் விளக்குகள் கேமராவில் எங்கே, எவ்வளவு இடைவெளியில் தெரிகின்றன என்பதை வைத்துத் திசையையும் தூரத்தையும் கணக்கிடும். ரொம்ப நெருங்கினால் விலகும், தள்ளிப்போனால் சேரும். தலைவன் என்று யாரும் கிடையாது! நீல ஒளிதான் தண்ணீரில் அதிக தூரம் போகும். சிவப்பு சீக்கிரம் மங்கிவிடும்.

ஒரு தேடல் சோதனையில், தொட்டியிலிருந்த சிவப்பு விளக்கைக் கண்ட ரோபோ தன் எல்இடிகளைச் சிமிட்ட, மற்றவை அங்கே வந்து கூடின. சரி, அது தெளிந்த நீர். கலங்கிய கடலில் கேமரா மட்டும் போதாது, ஒலி உணரிகளும் வேண்டும் என்பது என் கருத்து.