கேள்வி–பதில்: திரையில் உருளும் பின்பால் பந்து

கேள்வி: பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் நானும் என் மகனும் போட்டி போட்டு விளையாடிய விண்வெளிப் பின்பால், இப்போது வாங்கிய கணினியில் இல்லையே, ஏன்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், குன்னூர்

பதில்: சாய்ந்த மேசையில் உருண்டு வரும் பந்தைக் கீழே விழவிடாமல் அடித்துப் புள்ளி சேர்க்கும் விளையாட்டே பின்பால். நீங்கள் குறிப்பிடுவது 'ஸ்பேஸ் கேடட்'. மேக்சிஸ் நிறுவனம் 1995இல் வெளியிட்ட 'ஃபுல் டில்ட்! பின்பால்' தொகுப்பின் மூன்று மேசைகளுள் அதுவும் ஒன்று. மைக்ரோசாஃப்ட் அதை எக்ஸ்பி வரை விண்டோசுடன் சேர்த்தே வழங்கியது. 64 பிட் விண்டோசுக்கு மாற்ற முயன்றபோது, பந்து எதன்மீது மோதுகிறது என்று கணக்கிடும் பகுதி பிழைபட்டு, பந்து தடைகளை ஊடுருவிக் கீழே விழத் தொடங்கியது. வெளியாரிடமிருந்து வந்த அந்த நிரலில் விளக்கக் குறிப்புகள் அநேகமாக இல்லாததால் பிழையைக் கண்டறிய இயலாமல் விளையாட்டையே நீக்க நேர்ந்ததென அந்நிறுவனப் பொறியாளர் ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார். ரசிகர்கள் பின்னர் அந்நிரலைப் பகுத்தாராய்ந்து புதிய கணினிகளில் இயங்கும்படி மீண்டும் எழுதினார்கள். அது இயங்குவதற்கு மூல விளையாட்டின் கோப்புகள் தேவை என்பதால், உங்கள் பழைய கணினியைக் கழித்துக் கட்டுவதற்கு முன் அவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கைப்பேசியில் பின்பால் விளையாடுகிறேன். சரியான நேரத்தில் தொட்டாலும் பந்து நடுவே விழுந்துவிடுகிறது. கோளாறு என்னிடமா, கைப்பேசியிடமா?
– கல்லூரி மாணவி, கோத்தகிரி

பதில்: இரண்டு இடத்திலும் இருக்கலாம், எது எங்கே என்று பிரித்தறிந்தால் பாதி எரிச்சல் தீர்ந்துவிடும். உண்மையான இயந்திரத்தில் ஏறத்தாழ 80 கிராம் எடையும் 27 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள எஃகுப் பந்து, ஆறரை பாகை அளவு சாய்ந்த மேசையில் உருளுகிறது. பொத்தானை அழுத்திய கணமே, மேசையின் அடியில் இருபுறமும் துடுப்புபோல் இருந்து பந்தை அடிக்கும் ஃபிளிப்பர் எழும்புகிறது. கைப்பேசியிலோ உங்கள் தொடுகையைத் திரை உணர்ந்து, நிரல் கணக்கிட்டு, படமாக வரைந்து காட்ட வேண்டும். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு படத்துக்கே சுமார் 17 மில்லிநொடி ஆகிறது. இப்படி இரண்டு மூன்று படங்கள் பின்தங்கினால் போதும், வேகமாக வரும் பந்து ஃபிளிப்பரின் நுனியைத் தாண்டிவிடும். தொலைக்காட்சியில் இணைத்து விளையாடுவோர் அதன் அமைப்புகளில் உள்ள 'கேம் மோடை' (விளையாட்டுக்கான நிலையை) இயக்கினால் தாமதம் வெகுவாகக் குறையும். நம் மலைப்பகுதியில் இன்னொரு சங்கடமும் உண்டு. சாதாரணக் கம்பளிக் கையுறையுடன் தொட்டால் திரை உணராது. மூடுபனியின் ஈரம் திரையில் படிந்தாலோ, தொடாத இடத்தையும் தொட்டதாக அது எடுத்துக்கொள்ளும். ஆகவே திரையைத் துடைத்து, விரலைச் சூடாக்கிக்கொண்டு தொடங்குங்கள்.

இனி உங்கள் பங்கு. பதற்றத்தில் இரு ஃபிளிப்பர்களையும் ஒருசேர அடிக்காதீர்கள். அடித்தால் நடு இடைவெளி அகன்று, பந்து அதன் வழியே நேராக இறங்கிவிடும். மெதுவாக வரும் பந்தை, ஃபிளிப்பரை உயர்த்திப் பிடித்து அதன் மடியில் நிறுத்தப் பழகுங்கள். நின்ற பந்தை உருளவிட்டு, ஃபிளிப்பரின் நுனியருகே வரும்போது அடித்தால் அது எதிர்ப்பக்கம் குறுக்காகப் பாயும். சற்று முன்னதாக அடித்தால் அத்தனை குறுக்காகப் போகாது. இந்த வேறுபாட்டைக் கை அறிந்துகொண்ட பிறகு, அதுவரை கண்ணை மட்டும் கவர்ந்த வளைபாதை, குறிவைத்து ஏற்றக்கூடிய பாதையாகிறது. குறித்த இடத்தில் பந்து ஏறும்போது எழும் மகிழ்ச்சிக்கு ஈடாக இந்த விளையாட்டில் வேறொன்றும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. குருட்டாம்போக்கில் குவியும் கோடிப் புள்ளிகளும் அதைத் தருவதில்லை.

கேள்வி: இயந்திரத்தை இடித்து, தள்ளி விளையாடுவார்களாமே, திரையில் அதற்கு வழியுண்டா?
– வாசகர், உதகமண்டலம்

பதில்: உண்டு, ஆனால் நிறைவு தருவதில்லை. விசையை அழுத்தியோ கைப்பேசியை அசைத்தோ மேசையைத் தள்ளலாம். வரம்பு மீறினால் 'டில்ட்' என்று ஃபிளிப்பர்கள் செயலிழந்துவிடும். ஆனால் உடலின் எடையைக் கொடுத்து, எவ்வளவு தள்ளினோம் என்பதை உள்ளங்கையால் உணரும் வாய்ப்பு திரையில் இல்லை. இது டிஜிட்டல் பின்பாலின் உண்மையான குறை. எந்த நிரலும் இதை முழுதாக ஈடுசெய்ததாக நான் கருதவில்லை.

கேள்வி: என் பிள்ளை விடுமுறையில் இதிலேயே மூழ்கியிருக்கிறான். இது அதிர்ஷ்ட விளையாட்டு, சூதாட்டம் போன்றது என்கிறார் என் மாமனார். உண்மையா?
– ஒரு தாய், கொடைக்கானல்

பதில்: உங்கள் மாமனாரின் ஐயத்துக்கு வரலாறு உண்டு. தொடக்க கால இயந்திரங்களில் ஃபிளிப்பரே கிடையாது; அதனால் பந்தின் போக்கு பெரும்பாலும் அதிர்ஷ்டத்தின் கையில் இருந்தது. 1947இல் காட்லீப் நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி'யில்தான் ஃபிளிப்பர் வந்தது. சூதாட்டமெனக் கருதி நியூயார்க் நகரம் 1940களின் தொடக்கத்திலிருந்தே பின்பாலைத் தடை செய்திருந்தது. 1976இல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகர மன்றக் குழுவின் முன் பந்து எந்த வழியில் செல்லும் என்று முன்கூட்டியே சொல்லி, அவ்வாறே செலுத்திக் காட்டிய பின்னர் அந்தத் தடை நீக்கப்பட்டது. எனவே இது திறமையின் விளையாட்டு என்று அவரிடம் தயங்காமல் சொல்லலாம். ஆனால் கைப்பேசிச் செயலிகள் சில, பந்து விழுந்தவுடன் பணம் கட்டினால் தொடரலாம் என்று ஆசை காட்டுகின்றன. அந்த வழியை நீங்கள் அடைத்துவிடுங்கள். விளையாடும் நேரத்துக்கும் எல்லை வகுத்து, பல மேசைகளில் தாவாமல் ஒரே மேசையில் பழகச் சொல்லுங்கள். அடுத்த முறை அவன் விளையாடும்போது அருகில் அமர்ந்து, "எங்கே அடிக்கப் போகிறாய்?" என்று கேளுங்கள், அவன் சொன்ன இடத்துக்குப் பந்து போகிறதா என்று மாமனாரும் பார்க்கட்டும்.